வேலிக்குள் போன கிணறு

மரமுளைகளைச் சம்மட்டியால் அடிக்கும் சத்தத்தை உதுமான் முதலில் கேட்டது ஏழு வயதில். அப்போது அவன் தன் அத்தாவோடு கடலுக்கு அப்பால் வேறொரு துறைமுகத்தில் இருந்தான். அந்நிய வியாபாரிகள் வேலி போட்டார்கள்; டொக், டொக் என்று மூன்று நாள் கேட்டது. நான்காம் நாள் முதல் அந்த ஊர்க்காரர்கள் தங்கள் கடற்கரைக்கே சுற்றுவழியில் போனார்கள்.

அது நடந்து முப்பது வருஷம் கழித்து, வெண்சங்குப் பட்டினத்தை ஆதித்தராயர் என்றொரு ராஜா ஆண்டுகொண்டிருந்தார். தாம் சூரிய குலம் என்பார். காலையில் கொடுத்ததை மாலையில் பிடுங்குவார். அவர் சபையில் உதுமான் துபாஷி. அந்நியர் பேச்சை ராஜாவுக்கும் ராஜாவின் பேச்சை அந்நியருக்கும் எடுத்துச் சொல்வது வேலை.

மேற்குக்கடல் தேசத்து வியாபாரக் குழு ஒன்று அந்தப் பட்டினத்தில் பண்டகசாலை வைக்க வந்தது. அதன் பிரதிநிதி யான்சன் ஆளுயரக் கண்ணாடியைக் காணிக்கை வைத்தான். ராஜா அதில் மீசையைப் பார்த்தபடியே, "கட்டிக்கொள்ளட்டும். பட்டயம் பிறகு" என்றார். மறுநாளே வேலி எழுந்தது. உப்பளத் தெருவின் ஒரே நல்லதண்ணீர்க் கிணறு அதற்குள் போய்விட்டது.

குடத்தோடு போன பெண்களிடம் யான்சன் பணிவாகத்தான் பேசினான். "நான் வெறும் பிரதிநிதி. கடல் தாண்டி எங்கள் குழுவின் தலைமை வீட்டைக் கேட்க வேண்டும். பதில் வர ஒன்றரை வருஷமாகும்."

உதுமான் அதைத் தமிழில் சொன்னான்.

"அதுவரைக்கும் நாக்கைக் கழற்றி வைக்கச் சொல்றாரா, துபாஷி?" என்றாள் ஒருத்தி.

உதுமான் ராஜாவிடம் போய்க் கிணற்றின் கதையைச் சொன்னான். அங்கே அரண்மனைக் கணக்கு பார்க்கும் சம்பிரதி வேங்கடபதி நின்றிருந்தார். ராஜா தம்மைவிட இந்தத் துபாஷியோடு அதிகம் பேசுகிறார் என்பது அவருக்கு நெடுநாள் எரிச்சல்.

"அந்த யான்சன் தமிழ் கற்றுக்கொண்டால் இவர் பிழைப்புப் போய்விடும், மகாராஜா. அந்தப் பயம்தான் இவருக்கு" என்றார் வேங்கடபதி.

"நாளை பட்டயத்தில் முத்திரை வைக்கும் நேரத்தில் தங்களுக்காக நான் பதில் பேச உத்தரவு வேண்டும், அரசே" என்றான் உதுமான். "யான்சன் வாயாலேயே வேலியை எடுக்கச் சொல்ல வைக்கிறேன்."

"முடியாவிட்டால்?" என்றார் வேங்கடபதி.

"முடியாவிட்டால் குடும்பத்தோடு ஊரைவிட்டுப் போகட்டும்" என்றார் ராஜா, வேடிக்கை கிடைத்த சந்தோஷத்தில்.

மறுநாள் யான்சன் அவசரத்தில் இருந்தான். காற்று திரும்புமுன் பட்டயத்தோடு கப்பல் கிளம்பியாக வேண்டும். உதுமான் அவன் மொழியிலும் தமிழிலுமாகச் சபை கேட்கப் பேசினான்.

"ஐயா, எங்கள் ராஜாவும் வெறும் பிரதிநிதிதான். அவர் குலத்தின் தலைமை வீடு மேலே இருக்கிறது. சூரியனாருக்கு ஓலை எழுதியிருக்கிறோம்."

"பதில் எப்போது வரும்?"

"ராஜாவின் பாட்டனார் எழுதிய ஓலைக்கே இன்னும் வரவில்லை."

சபை சிரித்தது. யான்சன் முகம் சிவந்தது. "முத்திரை மோதிரம் அவர் விரலில்தானே இருக்கிறது! அவர் இங்கேதானே உட்கார்ந்திருக்கிறார்! நான் வேறு யாரைப் போய்க் கேட்பது?"

"உப்பளத் தெருப் பெண்களும் உங்களிடம் இதையேதான் கேட்டார்கள், ஐயா."

யான்சன் சாளரம் வழியே தன் கப்பலின் பாய்மரத்தைப் பார்த்தான். "வேலியை இன்றைக்கே எடுத்துவிடுங்கள்" என்றான்.

"தலைமை வீட்டைக் கேட்க வேண்டாமா?" என்று ராஜா தொடையில் தட்டிச் சிரித்தார்.

பட்டயத்தில் ஒரு வரி கூடியது: பண்டகசாலையில் இருப்பவர் கேட்ட அன்றே பதில் சொல்ல வேண்டும். ராஜா தம் சால்வையை எடுத்து உதுமானுக்குப் போர்த்தினார். "சம்பிரதி, முளைகளைப் பிடுங்குவது உம்முடைய வேலை."

பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, உச்சி வெயிலில் வேங்கடபதி முளை பிடுங்கினார். "அந்த ஓரத்துல ஒண்ணு விட்டுப்போச்சு, சாமி!" என்று பெண்கள் கைகாட்டினார்கள்.

வேலியை எடுக்கச் சொல்லும் அதிகாரம் யான்சனுக்கு உண்மையிலேயே இல்லை. இரண்டாம் வருஷம் தலைமை வீட்டின் பதிலாக வேறொரு பிரதிநிதி வந்து இறங்கினான். வேலை போன யான்சன் ஊர் திரும்பாமல் துறையில் கயிறு திரித்துப் பிழைத்து, உப்பளத் தெருவிலேயே இறந்தான்.