மயில் முத்திரை போட்ட அரிவாள்

கொலை வழக்கில் ஊர்க்காரர்கள் ஐந்து பேரை ஜூரிகளாக உட்காரவைத்த காலம் அது. குற்றவாளியா இல்லையா என்று சொல்வது அவர்கள் பாடு, தண்டனை நீதிபதியின் பாடு. ஜூரிகளின் முடிவு அறவே தவறென்று பட்டால், நீதிபதி அதை ஏற்காமல் ஹைகோர்ட்டுக்கு அனுப்பலாம். அங்கே சாட்சிகளைக் கூப்பிடுவது அபூர்வம், காகிதங்களைத்தான் படிப்பார்கள்.

இரும்புக்கடை குருபாதம் அப்படியொரு வழக்கில் ஜூரியாக மாட்டிக்கொண்டார். கொலை நடந்தது தை மாதம். பனையேறி இசக்கியின் வீட்டில் போலீஸ் எடுத்த பாளை சீவும் அரிவாளை நம்பித்தான் வழக்கே நின்றது. "அது கொலைக்குப் பெறவு சந்தையில வாங்கினதுய்யா" என்று இசக்கி கதறியதை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. வழக்கைத் தொகுத்துச் சொன்ன நீதிபதியும் அவன்தான் குற்றவாளி என்ற தொனியிலேயே பேசி முடித்தார்.

ஜூரி அறையில் மற்ற நால்வரும் இரண்டுக்கு இரண்டாகப் பிரிந்து நின்றார்கள். குருபாதம் அரிவாளைக் கையில் எடுத்தார். பிடியில் கட்டியிருந்த கோர்ட்டுச் சீட்டை விலக்கிப் பார்த்தார். பித்தளைப் பூணில் மயில் முத்திரை! அவர் கடையிலிருந்து சந்தைக்குப் போகும் சரக்கு. அந்த முத்திரையை அவர் அடிக்கத் தொடங்கியதே கொலைக்குப் பிந்தைய பங்குனியில்தான்.

ஜூரித் தலைவர் தாமோதரம் பிள்ளையைத் தனியே அழைத்துச் சொன்னார்.

"வாயைத் திறக்காதேயும், அண்ணாச்சி," என்றார் பிள்ளை. "ஜட்ஜ்கிட்ட சொன்னா நீரு சாட்சி ஆயிருவீரு. ஜூரி கலைஞ்சிரும். அவன் மறுபடி ஜெயிலுக்குத்தான் போவான். பேசாம நிரபராதின்னு கையைத் தூக்கும். மூணு பேரு ஆச்சு, சாயங்காலம் வீட்டுக்குப் போயிருவான்."

குருபாதத்துக்கு மனசு ஒப்பவில்லை. நேரே நீதிபதியிடம் போய்ச் சொன்னார். பிள்ளை சொன்னபடியே ஆயிற்று. ஜூரி கலைந்தது, புது விசாரணைக்கு உத்தரவானது. இசக்கிக்கு மறுபடி விலங்கு.

அவன் மனைவி பேச்சி கோர்ட்டு வாசலில் வழிமறித்தாள். "தெரிஞ்சிருந்தும் எங்க வீட்டு ஆளை ஜெயிலுக்கு அனுப்பிட்டீகளே, நல்லாயிருப்பீகளா மொதலாளி?"

தான் செய்தது சரிதானா என்று குருபாதத்துக்கே சந்தேகம் வந்துவிட்டது.

மறைத்து விடுவிக்கச் சொன்ன பிள்ளை, சொல்லிச் சிறைக்கு அனுப்பிய குருபாதம், இந்த இருவரில் யார் பக்கம் நியாயம்?

விடை: குருபாதம் பக்கம்தான். பிள்ளைக்கு இரக்கம் இருந்தது, யோசனை போதவில்லை. இசக்கியைக் குற்றவாளி என்றே நினைத்த நீதிபதி, அந்த முடிவை ஹைகோர்ட்டுக்கு அனுப்பாமல் விட்டிருப்பாரா? அங்கே படிக்கும் காகிதத்தில் மயில் முத்திரை பற்றி ஒரு சொல் ஏது? இன்னொன்றும் உண்டு. தன் மனசில் கிடப்பதை வைத்து ஒரு ஜூரி ஒருவனை விடலாமென்றால், இன்னொரு ஜூரி அப்படியே ஒருவனைத் தூக்குக்கும் அனுப்பலாம். அவரைக் குறுக்குக் கேள்வி கேட்க ஆளிருக்காது. ஏழு மாதம் கழித்துக் குருபாதம் சாட்சிக் கூண்டேறினார். வக்கீல்கள் துளைத்தெடுத்தார்கள், அவர் சொன்னது நின்றது, இசக்கி விடுதலையானான். அந்த ஏழு மாதத்துக்குப் பேச்சியிடம் யார் பதில் சொல்வது என்று மட்டும் கேட்காதீர்கள். அதற்கு என்னிடம் விடை இல்லை.