மேலுக்கு என்ன செய்யுது?

பாளையங்கோட்டையில் நஃபீசா என்றொரு ஆசிரியை இருந்தார். இணையதளங்களுக்குப் படிவம் அமைக்கக் கற்றுக்கொடுத்தார். அவருக்கு வயது முப்பத்து நான்கு; மாணவர் ஞானதுரைக்கு ஐம்பத்திரண்டு. பெயரிலேயே ஞானம் இருந்ததால் அதுவரை யாரும் அவருக்கு அதைத் தனியாகக் கொடுக்க முன்வந்ததில்லை.

ஒரு நாள் ஞானதுரை மடிக்கணினியோடு வந்தார். ஒரு மருத்துவமனைக்காக அவர் செய்த முதல் படிவம் அதில் இருந்தது. டாக்டரைப் பார்க்க முன்பதிவு செய்ய இருபத்து மூன்று கேள்விகள். ஒரு வாரத்தில் நாற்பது பேர் திறந்தார்கள், முடித்தவர் ஒருவர். சனிக்கிழமைக்குள் சரியாகாவிட்டால் வேலை வேறு ஆளுக்குப் போய்விடும் என்று டாக்டர் சொல்லிவிட்டாராம்.

நஃபீசா முதல் கேள்வியைப் பார்த்தார். 'நோயின் பெயர்.' பக்கத்தில் சிவப்பு நட்சத்திரம். நிரப்பாமல் அடுத்த கேள்விக்குப் போக முடியாது. முடித்த அந்த ஒருவர் அங்கே எழுதியிருந்தார்: 'தெரிந்தால் ஏன் வருகிறேன்?'

"எதை எடுக்கணும், டீச்சர்?"

நஃபீசா மடிக்கணினியை மூடினார். ஞானதுரையின் வீங்கிய கன்னத்தைப் பார்த்தார்.

"மேலுக்கு என்ன செய்யுது, அண்ணாச்சி?"

'மேல்' என்றால் அந்தப் பக்கத்துப் பேச்சில் உடம்பு. அகராதியைப் புரட்டாமலே ஞானதுரை சொல்லத் தொடங்கினார். கடைவாய்ப் பல், நாலு நாளாக. சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுவது, பென்சிலின் ஒத்துக்கொள்ளாதது, மகள் திட்டியது எல்லாம் வந்தன.

பிறகு கன்னத்தைத் தடவிக்கொண்டார்.

"இப்படி யாரும் கேட்டு நாளாச்சு," என்றார்.

சின்ன வயதில் சாத்தான்குளத்தில் மாசிலாமணி என்றொரு கம்பவுண்டர் இருந்ததைச் சொன்னார். மிக்சர் மருந்து பாட்டிலில் வேளைக்கு எவ்வளவு என்று காகிதம் வெட்டி ஒட்டித் தருவார். அவரும் இதைத்தான் முதலில் கேட்பார். பெயர், ஊர் எல்லாம் அப்புறம். கேட்டதும் பேனாவைக் கீழே வைத்துவிடுவார். சொல்லி முடிக்கும்வரை தொடமாட்டார்.

நஃபீசா மடிக்கணினியைத் திறந்தார். இருபத்து மூன்றில் பன்னிரண்டுக்கு ஞானதுரை ஏற்கெனவே பதில் சொல்லியிருந்ததைக் காட்டினார்.

ஞானதுரை முகம் மலர்ந்தது. உடனே வாடியது.

"மாசிலாமணி பேனாவைக் கீழ வச்சார். கம்ப்யூட்டர் எதை வைக்கும், டீச்சர்?"

நஃபீசா திரையில் சிவப்பு நட்சத்திரத்தின் மேல் விரலை வைத்தார்.

"இதை."