படிக்கத்துக்குப் போன ஐந்து கிளாஸ்

புதுச்சேரியில் கடலுக்கு இரண்டு தெரு தள்ளி எங்கள் சாப்பாட்டு வீடு. ஓட்டல் என்று சொன்னால் அமலோர் மேடத்துக்குக் கோபம் வரும். மதியம் ஒரு மணிக்குப் பன்னிரண்டு பேர் உட்காரலாம், அவ்வளவுதான். ஒன்பது சின்னத் தட்டு வரும். ஒவ்வொரு தட்டுக்கும் அதற்கென்று ஒரு வைன், இரண்டு வாய் அளவு. தட்டு தூக்குகிறவன் நான், பெயர் லூர்துசாமி. இருபது வருஷமாகத் தூக்குகிறேன். தோள் இறங்கிவிட்டது, வாய் இறங்கவில்லை.

எந்தத் தட்டுக்கு எந்த வைன் என்பதை அமலோர் மேடம்தான் முடிவு செய்வார். வயது நாற்பது. எங்கள் சமையல்காரரே அவர் முகத்தைப் பார்த்துத்தான் உப்புப் போடுவார்.

அவரிடம் இந்த வித்தையைக் கற்க வந்தவர் பழமலை. மேடத்தைவிட ஏழு வயது மூத்தவர். கடலூரில் ஒரு மருந்துக் கம்பெனியில் பரிசோதனை வேலை. அதற்குச் சம்பளமில்லாத லீவு போட்டுவிட்டு வந்தார். மனுஷனுக்குப் பொல்லாத மூக்கு. குழம்பு கொதிக்கிற வாசனையை வைத்தே அதில் என்ன குறை என்று வாசலிலிருந்து சொல்லிவிடுவார். சமையல்காரருக்கு அவரைக் கண்டாலே ஆகாது.

காலை பத்து மணிக்கு இருவரும் அன்றைய ஒன்பது பாட்டிலையும் ருசி பார்ப்பார்கள். வாயில் வாங்கி, சுழற்றி, துப்பிவிட வேண்டும். விழுங்க ஆரம்பித்தால் ஒரு மணிக்கு யார் வேலை செய்வது? துப்புவதற்கு ஒரு பித்தளைப் படிக்கம் உண்டு. பழைய சாமான் கடையில் வாங்கியது. எந்த மிராசுதார் வெற்றிலை போட்டுத் துப்பினாரோ, இப்போது அதற்கு வைன் யோகம்.

பதினாலு மாதம் இப்படிப் போயிற்று. பழமலைக்கு ஒரு சொட்டு தொண்டைக்குள் இறங்கவில்லை. மேசையில் வைன் ஊற்றவும் மேடம் அவரை அனுப்பவில்லை. ஊற்றுகிறவர் பையில் பாட்டில் திறக்கிற ஓப்பனர் இருக்கும். பழமலையின் பை காலியாகவே இருந்தது.

ஒருநாள் காலை அவர் கேட்டேவிட்டார்.

"மேடம், கண்ணைக் கட்டி விடுங்க. ஒன்பதையும் பேரு, வருஷம் எல்லாம் சொல்றேன்."

"தெரியும் சார்."

"பின்னே என்னை எப்போ மேசைக்கு அனுப்புவீங்க?"

மேடம் படிக்கத்தை ஒரு பக்கம் நகர்த்தி வைத்தார்.

"வர்ற ஞாயித்துக்கிழமை."

பழமலை முகத்தைப் பார்க்கணுமே. கல்யாண மாப்பிள்ளை மாதிரி ஆகிவிட்டார்.

"ஊத்த இல்ல சார், உட்கார. வீட்டம்மாவையும் கூட்டிக்கிட்டு வாங்க. ஒன்பதுல ஒண்ணை வேணும்னே தப்பா ஊத்துவேன். எதுன்னு கடைசியில கேப்பேன்."

"சொல்லிட்டா?"

"திங்கட்கிழமையிலேர்ந்து நீங்க ஊத்தலாம்."

"சொல்லலன்னா?"

"இன்னும் ஒரு வருஷம் துப்புங்க."

மேடம் போன பிறகு பழமலை என்னிடம் வந்தார். "லூர்து, ஒரு வருஷம் எனக்கு ஏது? கம்பெனியில இந்த மாசம் வரைக்கும்தான் என் இடத்தை வெச்சிருப்பாங்க. ஞாயித்துக்கிழமை தவறிச்சுன்னா கம்பெனிக்கே திரும்பிப் போக வேண்டியதுதான்."

"உங்க மூக்குக்கு ஒரு தப்பு எம்மாத்திரம் சார்" என்றேன். மனதாரத்தான் சொன்னேன்.

ஞாயிறு வந்தது. அவர் மனைவி மங்கை கடலூரில் பள்ளிக்கூட டீச்சர். நீலப் பட்டுப் புடவை கட்டி, தலையில் பூ வைத்து வந்திருந்தார். ஜன்னல் ஓரத்து மேசை. பழமலை உட்கார்ந்ததுமே நோட்டுப் புத்தகத்தைத் திறந்தார்.

முதல் தட்டு, கட்டைவிரல் அளவு மீன் வடை. நுரைக்கிற வெள்ளை வைன். டீச்சர் வைன் குடிக்கிறவர் இல்லை. அப்படிப்பட்டவர்களுக்கு நன்னாரி, மாதுளை, இளநீர் என்று தனியாக ஒன்பது கிளாஸ் எங்களிடம் உண்டு.

பழமலை ஒரு வாய் வாங்கினார். சுழற்றினார். அப்புறம் கையை இடப்பக்கம் நீட்டித் துழாவினார். பதினாலு மாதப் பழக்கம், கை படிக்கத்தைத் தேடுகிறது. அங்கே என்ன இருக்கும்? கன்னம் உப்பி, கண் பிதுங்கி என்னைப் பார்த்தார். பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பினார்கள்.

நான் மேடத்தைப் பார்த்தேன். "கொண்டு போய்க் குடுங்க" என்று கண் காட்டினார்.

வெள்ளைத் துணி விரித்த மேசையில், டீச்சர் பூவுக்கும் பட்டுக்கும் எதிரே, படிக்கத்தை வைத்தேன். எனக்கே கூச்சமாக இருந்தது. பழமலை துப்பினார், நோட்டில் எழுதினார்: சரியான பொருத்தம், வடை ஒரு நொடி அதிகம் வெந்தது.

இரண்டு, மூன்று, நான்கு என்று தட்டுகள் போயின. நண்டு, கணவாய், தேங்காய்ப்பாலில் இறால். அவர் துப்பித் துப்பி எழுதினார். டீச்சர் ஏதோ சொல்ல வாயெடுத்தால், "இரு மங்கை, வாசனை போயிடும்" என்றார். டீச்சர் ஜன்னல் வழியே தெருவைப் பார்த்துக்கொண்டு தனியாகச் சாப்பிட்டார். கணவாய் அவருக்கு ரொம்பப் பிடித்திருந்தது. அதை யாரிடம் சொல்வது என்று தெரியாமல் என்னிடம் சொன்னார்.

ஐந்தாவது தட்டு. வறுத்த வஞ்சிரத் துண்டின்மேல் மிளகு ரசத்தை மேசையிலேயே ஊற்ற வேண்டும். ஊற்றினேன். பழமலை ஒரு கரண்டி எடுத்தார்.

"மிளகு ஒரு சிட்டிகை தூக்கல்" என்றார். வைனை வாங்கினார், துப்பினார்.

டீச்சர் கரண்டியைக் கீழே வைத்தார்.

"ஏங்க, ஒண்ணு சொல்லட்டுமா?"

"சொல்லு."

"அந்தப் படிக்கம் இன்னைக்கு நல்லா சாப்பிடுது."

பழமலை சிரிக்கப் பார்த்தார், வரவில்லை.

"பதினாலு மாசமா என் ரசத்துக்கும் இதே கதிதான். வாயில வெச்சதும் குத்தம் சொல்றீங்க. எனக்கு வருத்தமா இருக்குங்க. நல்லா இருக்குன்னு நீங்க சொல்லி நான் கேட்டது, நீங்க இந்த வேலைக்கு வர்றதுக்கு முன்னாடி."

சத்தமாகச் சொல்லவில்லை. ஆனால் எனக்குக் கேட்டது. தட்டை எடுப்பதா, விடுவதா என்று நின்றேன்.

பழமலை முகத்தில் ஈயாடவில்லை. நோட்டைப் பார்த்தார். படிக்கத்தைப் பார்த்தார். ரசம் இன்னும் பாதி இருந்தது. அதை மெதுவாக, கடைசிச் சொட்டு வரை குடித்து முடித்தார்.

"லூர்து, இதை எடுத்துக்கிட்டுப் போங்க" என்று படிக்கத்தைக் காட்டினார்.

"சார், இன்னும் நாலு தட்டு இருக்கு. தப்பு அதுலதான் இருக்கும் போல." என் பங்குக்கு நான் எச்சரித்தேன்.

"எடுத்துக்கிட்டுப் போங்க."

ஆறாவது தட்டு, கோழி. சிவப்பு வைன். பழமலை வாயில் வாங்கினார், பழக்கதோஷத்தில் சுழற்றினார், அப்புறம் விழுங்கினார். கண் கலங்கியிருந்தது.

"என்னங்க, காரமா?"

"இல்ல மங்கை. உள்ளே இறங்கின பிறகும் ஒண்ணு வருது. மெதுவா வருது. இத்தனை மாசமா இது எனக்குத் தெரியாது."

"நல்லா இருக்கா?"

"நல்லா இருக்கு."

டீச்சர் நாற்காலியை மேசைப் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். அதற்கப்புறம் இருவரும் பேச்சோ பேச்சு. ஏழாவது தட்டை நான் கொண்டுபோய் வைத்தபோது, எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன் பரீட்சைத் தாளில் என்ன எழுதினான் என்று டீச்சர் சொல்ல, பழமலை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். தட்டு காலியானபோது என்னைப் பார்த்துக் கை கூப்பினார். "சமையல்காரர்கிட்ட சொல்லுங்க லூர்து, ரொம்ப நன்றின்னு." சொன்னேன். அவர் நம்பவில்லை.

எட்டாவது தட்டு, பால் கொழுக்கட்டை. மேடம் கொடுத்த கிளாஸை வாங்கும்போதே எனக்குப் புரிந்துவிட்டது. இனிப்புக்கு இனிப்பு வைன்தான் போக வேண்டும். இது எலுமிச்சை மாதிரி புளிக்கிற வெள்ளை. தப்பு இதுதான். நான் வாயைத் திறக்கக் கூடாது.

"அப்படி என்னதான் இருக்கு இதுல, ஒரு சொட்டு குடுங்க" என்றார் டீச்சர். கொழுக்கட்டையை மென்றுகொண்டே நுனி நாக்கில் தொட்டுக்கொண்டார். முகம் போன போக்கைப் பார்த்துப் பழமலைக்கு மறுபடியும் சிரிப்பு. சிரித்துக்கொண்டே மிச்சத்தைத் தானே குடித்துவிட்டார். நோட்டு மூடியபடியே கிடந்தது.

ஒன்பதாவது, எங்கள் ஊர் விவிகம் கேக், கிறிஸ்துமஸுக்கு வீட்டில் சுடுவது. கூடவே தேன் நிறத்தில் ஒரு வைன். அதையும் முடித்தார்கள். மற்ற விருந்தாளிகள் போய்விட்டார்கள். மேடம் வந்து எதிரே உட்கார்ந்தார்.

"எது சார் தப்பு?"

பழமலை நோட்டைத் திறந்தார். ஐந்து வரை எழுதியிருந்தது. அப்புறம் வெள்ளைத் தாள்.

"அஞ்சு வரைக்கும் தப்பு இல்ல மேடம்."

"அதுக்கப்புறம்?"

"தெரியல. கவனிக்கல." நோட்டை மூடி வைத்தார். "இந்த மாதிரி ஒரு சாப்பாடு நான் ஆயுசுல சாப்பிட்டதில்ல மேடம். உங்களுக்கு எப்படி நன்றி சொல்றதுன்னும் தெரியல."

"எட்டாவது" என்றார் டீச்சர் பக்கத்திலிருந்து. "அவ்வளவு இனிப்பு மேல அவ்வளவு புளிப்பா? எனக்கே தெரிஞ்சுதே."

மேடம் வாய்விட்டுச் சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

பழமலை சிரிக்கவில்லை. எழுந்து நின்றார். போய்ப் படிக்கத்தை எடுத்துவந்தார். ஐந்து கிளாஸும் அதில் அப்படியே கலந்து கிடந்தது.

"தோத்துட்டேன் மேடம். கம்பெனிக்கே திரும்பிப் போறேன். ஆனா இன்னைக்கு இங்க உட்கார வெச்சதை மறக்க மாட்டேன்."

மேடம் தன் பையிலிருந்து ஓப்பனரை எடுத்தார். துணியில் துடைத்து, மூடிய நோட்டின்மேல் வைத்தார்.

"அந்தப் படிக்கத்தைக் கழுவி வெச்சுட்டுப் போங்க சார். நாளைக்குப் பத்து மணிக்கு அது வேணும். ஒரு மணிக்கு நீங்க வேணும்."