இடது தூணருகே ஒரு திருட்டு

வேலங்குறிச்சியை ஆண்ட அனந்தராயருக்கு நீதி வழங்குவதென்றால் வெல்லக்கட்டி. அதைவிட இனிப்பானது ஒன்றுதான் இருந்தது. தங்கப் பூண் போட்ட மயிலிறகுத் தண்டால் இடது காதைக் குடைவது! கண்ணை மூடி, வாயை லேசாகத் திறந்து அவர் குடைகிற சுகத்தைப் பார்த்தால், மோட்சமே அந்தக் காதுக்குள்தான் இருக்கிறதோ என்று தோன்றும்.

மோட்சம் வரவில்லை. சீழ் வந்தது. காது உள்ளுக்குள் வீங்கி அடைத்துக்கொண்டது. வலியை ராஜா பனிக்காற்றின் தலையில் கட்டினார். சத்தம் கேட்காததை ஊரார் தலையில் கட்டினார்.

"வரவர எல்லோரும் முணுமுணுக்கிறார்கள்!"

அந்தச் சபையின் வழக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். வழக்குப் போட்டவர் ராஜாவின் வலது தூணருகே நிற்பார். எதிராளி இடது தூணருகே. இருவரும் கையால் வாய் பொத்தித்தான் பேச வேண்டும். சத்தம் போட்டால் மரியாதைக் குறைவு. பொத்திய வாயிலிருந்து வரும் பேச்சு அடைத்த காதில் எப்படி ஏறும்?

ஆகவே ஒவ்வொரு வழக்கிலும் ராஜா இடது பக்கம் திரும்பி ஒரே தீர்ப்பைத்தான் சொன்னார். "குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும். அதனால்தான் உனக்குக் குரலே எழும்பவில்லை. நீ தோற்றாய்!"

ஒரு மாதமாக இடது தூணருகே நின்ற ஒருவரும் ஜெயிக்கவில்லை. ஊர் சும்மா இருக்குமா? மோப்பம் பிடித்துவிட்டது. திருடியவன், பறிகொடுத்தவனுக்கு முன்னால் ஓடிவந்து வழக்குப் போட்டான். அரண்மனை வாசலில் தினமும் காலையில் ஓட்டப் பந்தயம்தான்.

வைத்தியர் மருதவாணருக்கு விஷயம் தெரியும். ஆனால் ராஜாவின் அங்கத்தில் குறை இருப்பதாகச் சொன்னால் நாடு கடத்தல். தாத்தா ராஜா போட்ட சட்டம் அது. வைத்தியர் மருந்துப் பெட்டியோடு தன் வாயையும் பூட்டி வைத்திருந்தார்.

சபையில் விகடம் பேசிப் பிழைக்கும் கூத்தபிரானும் பார்த்துக்கொண்டுதான் இருந்தான். 'நமக்கெதற்கு வம்பு' என்று இருந்தவன், அன்று இடது தூணருகே பால்காரி சிலம்பாயி வந்து நின்றதும் நிமிர்ந்து உட்கார்ந்தான். வலது தூணருகே மாட்டுத் தரகன் நல்லதம்பி. பெயரில் மட்டும்தான் 'நல்ல'.

"மகாராஜா, இந்தம்மா என் எருமையைப் பிடித்துக் கட்டிவைத்துக்கொண்டு தர மாட்டேன் என்கிறாள்" என்றான் நல்லதம்பி.

சிலம்பாயி வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். "சாமி, அது என் எருமைங்க. கன்னுலேர்ந்து நான் வளத்தது. முந்தாநேத்து இந்தாளு அவுத்துக்கிட்டுப் போனாரு. தேடிப் போயி ஓட்டியாந்தேன். அது இல்லேன்னா என் ரெண்டு பொண்ணுங்களுக்கும் கஞ்சி இல்லீங்க."

அந்த எருமையின் பாலைக் குடித்துத்தான் கூத்தபிரானுக்குத் தொந்தியே வைத்தது. அவனுக்கு வயிறு எரிந்தது.

ராஜா இடது பக்கம் திரும்பினார். "குற்றமுள்ள நெஞ்சு..."

"மகாராஜா!" கூத்தபிரான் குதித்து எழுந்தான். "தீர்ப்புக்கு முன்னால் ஒரு புகார். இந்தச் சபைக்குள்ளேயே திருட்டு நடக்கிறது!"

"என் சபையிலா? என்ன திருட்டு?"

"அந்த இடது தூணுக்கும் சிம்மாசனத்துக்கும் நடுவே ஒருவன் உட்கார்ந்துகொண்டு வருகிற பேச்சையெல்லாம் திருடுகிறான். ஒரு மாதமாக நடக்கிறது."

"பிடி அவனை!"

"பிடிக்கலாம். சிம்மாசனத்தைப் பின்பக்கமாகத் திருப்ப வேண்டும். நிற்பவர்கள் நின்ற இடத்திலேயே நிற்கட்டும்."

"சுவரைப் பார்த்துக்கொண்டா நான் உட்கார வேண்டும்?"

"ஒரே ஒரு வழக்குக்கு, மகாராஜா. யார் யாரையோ பார்க்கிறீர்கள். சுவர் என்ன பாவம் செய்தது?"

எட்டு பேர் முக்கி முனகிச் சிம்மாசனத்தைத் திருப்பினார்கள். ராஜா சுவரைப் பார்த்து மீசையை முறுக்கினார். வழக்கு முதலிலிருந்து தொடங்கியது.

நல்லதம்பி பேசினான். ராஜா காத்திருந்தார். பிறகு சிலம்பாயி பேசினாள். கன்று, கயிறு, கஞ்சி என்று ஒவ்வொரு சொல்லும் கணீரென்று வந்து விழுந்தது. ராஜாவின் முகம் இளகிப்போயிற்று.

"அடப் பாவமே! டேய் நல்லதம்பி, உனக்கென்ன வாயில் கொழுக்கட்டையா? குற்றமுள்ள நெஞ்சு குறு..."

பாதியிலேயே நின்றுவிட்டார். சற்று முன்பு கணீரென்று பேசியவன் இவன். முணுமுணுத்தவள் அவள். ஆளும் மாறவில்லை, தூணும் மாறவில்லை. ராஜாவின் கை மெல்ல மெல்ல இடது காதுக்குப் போயிற்று.

வைத்தியர் கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

"கூத்தபிரான், திருடன் எங்கே?"

"சிம்மாசனத்தோடு சேர்ந்து அவனும் திரும்பிவிட்டான், மகாராஜா."

ராஜா தோள் குலுங்கச் சிரித்தார். சிரித்ததில் காது வலித்தது. "ஐயோ" என்று பிடித்துக்கொண்டார். "தாத்தாவின் சட்டம் இன்றோடு ஒழிந்தது! வைத்தியரே, ஓடி வாரும்!"

மருதவாணர் சீழைத் துடைத்து, உள்ளே ஒடிந்து கிடந்த மயிலிறகுத் துணுக்கை எடுத்துக் காட்டினார். எருமை சிலம்பாயி வீட்டிலேயே தங்கியது. அதற்கு ஒரு வருஷம் புல் அறுத்துப் போடும் வேலை நல்லதம்பிக்கு. அந்த மாதத் தீர்ப்புகள் அத்தனையையும் மறுபடி விசாரிப்பதாக ராஜா பறையறைவித்தார்.

"உனக்கு என்ன பரிசு வேண்டும்?"

கூத்தபிரான் ராஜாவின் இடது பக்கம் போய் வாய் பொத்தி ஏதோ சொன்னான்.

"கேட்கவில்லையே!"

"கேட்கிற அன்றைக்கு வாங்கிக்கொள்கிறேன், மகாராஜா."

இரண்டு வாரம் மருந்து நடந்தது. காது ஆறியது. ஆறுகிற புண் அரிக்குமல்லவா? ராஜா மெதுவாக மயிலிறகை எடுத்தார். கண்ணை மூடினார். அது காதை நெருங்கியபோது, அதே இடது பக்கத்தில் பொத்திய வாயின் குரல் ஒன்று தெளிவாகக் கேட்டது.

"நான் கேட்ட பரிசு அதுதான், மகாராஜா."

ராஜா திடுக்கிட்டுக் கண்ணைத் திறந்தார். "அடேய்! தங்கப் பூணுக்கு ஆசைப்பட்டாயா?"

"பூணைத் தாங்களே வைத்துக்கொள்ளுங்கள். குடைகிற முனை மட்டும் எனக்குப் போதும்."