கூரைக்குக் கீழே பன்றி

பன்றி ஏழாவது படியில் உட்கார்ந்துகொண்டது. கன்னியப்பன் முன்னால் நின்று இழுத்தான். துலுக்காணம் பின்னால் நின்று தள்ளினான். பன்றி கொட்டாவி விட்டது.

"நாலு மணிக்கு சீனாக்காரர் வந்துருவார்டா, தள்ளு!"

உள்ளதைச் சொன்னால், கன்னியப்பன், துலுக்காணம், ஏழுமலை மூன்று பேருக்கும் சேர்த்து அரை மூளை. அதுவும் அன்றைக்கு லீவு.

செருப்புக் கம்பெனிக்கு மெஷின் மாட்ட லின் என்பவர் வருகிறார். அவருக்குத் தங்க இந்த மாடி வீடு பிடித்துப்போனால் கன்னியப்பனுக்கு வாட்ச்மேன் வேலை. அவனுக்கு ஒரு வேலை கிடைத்தால்தான் திரும்பி வருவேன் என்று அவன் பெண்டாட்டி மஞ்சுளா தன் அம்மா வீட்டுக்குப் போய் நாலு மாசமாச்சு.

காலையில் கம்பெனி டெய்சி மேடம் ஒரு சீன எழுத்தைச் சீட்டில் வரைந்து கொடுத்தார். கூடவே ஒரு கறுப்பு பெயிண்ட் டப்பா.

"இதுக்கு வீடுன்னு அர்த்தம் கன்னியப்பா. குடும்பம்னும் சொல்லலாம். மேல இருக்கிறது கூரை, கீழ இருக்கிறது பன்னி. மூவாயிரம் வருஷத்துக்கு முன்னாடி படமா வரைஞ்சது, போகப்போக கோடாயிடுச்சு. இதைக் கதவுல எழுதிடு. பார்த்தா அவருக்கு சந்தோஷமா இருக்கும்."

மேடம் தலை மறைந்ததும் ஆலோசனை தொடங்கியது.

"கூரை இருக்கு. பன்னிதான் இல்ல," என்றான் கன்னியப்பன்.

"சீட்டுல இருக்கிற பன்னிக்குக் கால் நிறைய இருக்கே. நம்ம ஊர்ப் பன்னிக்கு நாலுதானே?" என்றான் துலுக்காணம்.

"மூவாயிரம் வருஷம் நடந்தா தேயாதாடா?" என்றான் கன்னியப்பன்.

நியாயம்தானே என்று மற்ற இரண்டு பேரும் தலையாட்டினார்கள்.

"கூரை உச்சியில ஒரு சின்னப் புள்ளி இருக்கு பாரு," என்றான் ஏழுமலை. மூன்று பேரும் அண்ணாந்து கூரையைப் பார்த்தார்கள். பிறகு அவனே லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு மொட்டை மாடியில் ஏறி, தண்ணித் தொட்டி மேல் குந்திக்கொண்டான்.

ஒரு சீப்பு வாழைப்பழம் செலவானது. பன்றி வீட்டுக்குள் வந்தது. சரியாக நாலு மணிக்கு டெய்சி மேடத்தோடு லின்னும் வந்தார். கூரை மேல் ஒருத்தன், உள்ளே பன்றி. கன்னியப்பன் நீட்டிய சீட்டைப் பார்த்தார். அவர் வெடித்துச் சிரித்த சத்தத்தில் பன்றி மிரண்டு, துலுக்காணத்தைத் தள்ளிவிட்டுத் தெருவுக்கு ஓடியது.

"போச்சு! வெறும் கூரைதான் மிச்சம்!" கன்னியப்பன் யோசிக்கவே இல்லை. நடுக்கூடத்தில் கையையும் காலையும் ஊன்றி நின்றுவிட்டான்.

லின் வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஏதோ சொன்னார்.

"வீடு அவருக்குப் பிடிச்சிருக்காம்," என்றார் டெய்சி மேடம், தலையில் கை வைத்துக்கொண்டு. "உனக்கு வேலை உண்டு. எந்திரிச்சுப் போய் கதவுல அந்த எழுத்தை எழுது."

சேதி கேட்டு, பொழுது சாயும்போது மஞ்சுளா டிரங்குப் பெட்டியோடு வந்து சேர்ந்தாள். புருஷன் இன்னும் நாலு காலில்.

"எந்திரிய்யா!"

"எந்திரிச்சா வீடு போயிடும்டி."

"அண்ணே, நான் இறங்கட்டுமா?" மேலேயிருந்து ஏழுமலை.

"புள்ளி பேசாதுடா!"

மஞ்சுளா பெருமூச்சு விட்டாள். "கதவுல ஏதோ எழுதச் சொன்னாங்களாமே, எழுதினியா?"

கன்னியப்பன் ஒரு கையை மட்டும் தூக்கி, கூரையைக் காட்டினான், தன்னைக் காட்டினான்.

"ஏன், உனக்குப் படிக்கத் தெரியாதா?"

பெயிண்ட் டப்பாவை இன்னும் யாரும் திறக்கவில்லை.