ரணதீர பூபதியின் தாலாட்டு

மதயானையை அடக்கியவர், பகைவர் படையை ஊர் எல்லைவரை விரட்டியவர் பூவனூர் ராஜா ரணதீர பூபதி. அப்பேர்ப்பட்ட வீரருக்கு ஒரு தாலாட்டின் மேல் பொறாமை வந்துவிட்டது!

உலகம்மை என்ற புலவர் தன் மகள் பிறந்தபோது பாடிய தாலாட்டு அது. அரண்மனை அதைப் பொன் கொடுத்து வாங்கியது. அரண்மனைப் பாடகர்கள் ஊர் ஊராகப் பாடினார்கள். பரிசுகள் கஜானாவில் குவிந்தன. ஆனால் பாட்டை இயற்றியவர் பெயரைக் கடைசி வரியில் வைப்பது அந்நாட்டு வழக்கம். அதனால் கேட்டவர்கள் எல்லாரும், "யார் அந்த உலகம்மை?" என்றுதான் விசாரித்தார்கள். ராஜாவை ஒருவரும் விசாரிக்கவில்லை.

"காசு கொடுத்தது நான். இனி கடைசி வரியில் என் பெயர்தான்!" என்றார் ராஜா.

உலகம்மை ஓடிவந்தாள். "பாடிச் சம்பாதிச்சுக்கோங்க மகாராஜா, அதுக்குத்தான் பொன் வாங்கினேன். பேரை விற்கலையே! என் பொண்ணு வளர்ந்து, இது யார் பாட்டும்மான்னு கேட்டா நான் என்ன சொல்லுவேன்?"

"வாங்கினால் முழுசாக வாங்கினதுதான்."

அருகில் இருந்த மந்திரி அப்பாண்டை நயினார் தாடியைத் தடவினார். "நியாயம் மகாராஜா. பெயரை மட்டும் மாற்றுவோம். மற்ற சொற்களைத் தொடவேண்டாம், வாங்கிய சரக்கு சேதமாகக் கூடாது பாருங்கள். நாளை விருந்துக்கு வரும் பக்கத்து நாட்டு ராஜா முன்னிலையிலேயே பாடிவிடலாம்."

உலகம்மை அவரை எரித்துவிடுவதுபோல் பார்த்தாள். நயினார் கூரையைப் பார்த்தார்.

ராஜா அந்தப் பாட்டுக்கு விழுந்த கைதட்டலைக் கேட்டிருந்தாரே தவிர, பாட்டை முழுதாக ஒருநாளும் கேட்டதில்லை. மறுநாள் சபை நிறைந்தது. உலகம்மையும் ஓர் ஓரமாக நின்றாள். ராஜா மீசையை முறுக்கிக்கொண்டு உட்கார்ந்தார். பாடகர் தொடங்கினார்:

"ஆராரோ ஆரிரரோ...
பத்து மாதம் சுமந்தேனே, பாயில் உருண்டு அழுதேனே,
புளியங்காய்க்கு ஏங்கினேனே,
ரணதீர பூபதி நான் பெற்ற கண்ணே!"

விருந்தாளி ராஜா அங்கவஸ்திரத்தை வாயில் திணித்துக்கொண்டார். தளபதியின் தோள்கள் குலுங்கின. நயினார் சைகை காட்ட, அரண்மனை மருத்துவச்சி ஒரு செம்போடு உள்ளே வந்தாள்.

"பிரசவக் கஷாயம் மகாராஜா. சூட்டோட குடிச்சிடுங்க. பச்சை உடம்பு, இப்படிக் காத்துல உட்காரலாமா?"

ராஜா முகம் சிவந்தது. "நயினாரே! அந்த வரிகளை வெட்டி எறியும்!"

"வெட்டிப் பார்த்தேன் மகாராஜா. ஆராரோ மட்டும்தான் மிஞ்சுகிறது. அதைக் கேட்க யார் பரிசு தருவார்கள்? வலி உலகம்மைக்கு வந்தது, வார்த்தையும் அவளுக்கு வந்தது. தாங்கள் வாங்கியது பாட்டின் வருமானத்தை. பெற்றவள் என்ற பெயரை எந்தப் பொன்னுக்கு வாங்கமுடியும்?"

ராஜா உலகம்மையைப் பார்த்தார். செம்பைப் பார்த்தார். பிறகு சிம்மாசனம் அதிரச் சிரித்தார்.

"சரி! பாட்டில் வரும் வருமானம் அரண்மனைக்கு. பெயர் உலகம்மைக்கே. அவளைக் கேட்காமல் ஒரு சொல்லைக்கூட யாரும் மாற்றக்கூடாது!"

உலகம்மை கண்ணைத் துடைத்துக்கொண்டு கும்பிட்டாள். நயினாருக்கு முத்துமாலை பரிசு கிடைத்தது.

மருத்துவச்சி மட்டும் நகரவில்லை. "அப்போ இந்தக் கஷாயம், மகாராஜா?"

"நயினாருக்குக் கொடு, ஒரு சொட்டு மிச்சமில்லாமல் குடிக்கட்டும். இந்தக் குறும்பைப் பெற்றெடுத்தவர் அவர்தானே! அவர் பெயரை நான் பறிக்கலாமா?"