சுண்ணாம்பு தின்ற சாட்சி

அந்தக் காலத்தில் பல்லிக்கு முழுப் பேச்சு இருந்தது. சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டு எல்லாவற்றையும் பார்க்கும். அதனால் ஊரில் வழக்கு என்றால் அதைத்தான் சாட்சிக்குக் கூப்பிடுவார்கள்.

அந்த ஊரில் பூவாயி என்று ஒருத்தி. அவளும் அவள் புருஷன் மொக்கையனும் பாறையை உடைத்து ஒரு கிணறு வெட்டினார்கள். இரண்டு கோடை பிடித்தது. தண்ணீர் கண்ட வாரமே மண் சரிந்து மொக்கையன் செத்துப்போனான். அந்தத் தண்ணீரை வைத்துத்தான் பூவாயி இரண்டு பெண் பிள்ளைகளுக்குக் கஞ்சி ஊற்றினாள்.

நாட்டாமை சடையாண்டிக்கு அந்தக் கிணற்றின்மேல் கண். சும்மா பிடுங்கினால் அசிங்கம் என்று ஒரு கதை கட்டினார். அவருடைய பாட்டனார் கனவில் அம்மன் வந்து ஊற்றைக் காட்டினாளாம். பாட்டனார் கைத்தடியால் தட்டியதும் தண்ணீர் பொங்கியதாம். ஆகவே கிணறு அவர் வீட்டுச் சொத்தாம். அம்மன் பெயரைக் கேட்டதும் ஊரே கன்னத்தில் போட்டுக்கொண்டது. மொக்கையன் பிணத்தைத் தூக்கியவர்களும் போட்டுக்கொண்டார்கள். நினைத்தாலே எனக்கு வயிறு எரிகிறது.

கிணற்றுச் சுவரில் குடியிருந்த பல்லியைச் சாவடிக்குக் கூப்பிட்டார்கள்.

“கனவும் கெடையாது, தடியும் கெடையாது. கடப்பாரை புடிச்சது மொக்கையன். மண்ணு சுமந்தது இந்தப் பொம்பள. நான் பாத்தேன்” என்றது பல்லி.

சாட்சியை ஏற்றுக்கொண்டால் விரலால் தரையைத் தட்டுவது அந்த ஊர் வழக்கம். ஒரு விரல் தரையைத் தொடுவதற்குள் சடையாண்டி பல்லியைப் பிடித்தார். வெற்றிலைச் செல்லத்திலிருந்த சுண்ணாம்பை வழித்து அதன் வாயில் அப்பினார். நூறு பேர் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். ஒருவரும் எழுந்திருக்கவில்லை.

பிறகு நாட்டாமை அலுங்காமல் உட்கார்ந்து, கனவுக் கதையை முதலிலிருந்து சொன்னார். வெந்த நாக்கோடு சுவரில் ஏறிய பல்லி, பொய் என்று கத்தப் பார்த்தது. “ச்சு ச்சு” என்றுதான் வந்தது.

“கேட்டீங்கள்ல? பல்லியே ஆமாங்குது” என்றார் சடையாண்டி.

“வாய் வெந்து துடிக்குதுய்யா அது” என்றாள் பூவாயி. கூட்டத்தில் மொக்கையனின் சித்தப்பாவைத் தேடிப் பிடித்தாள். “சின்ன மாமா, கெணத்துக்குள்ள எறங்கி அவரத் தூக்குனது நீங்கதான. நீங்களாச்சும் சொல்லுங்க.”

அவர் அவளைப் பார்க்கவில்லை. குனிந்து தரையைத் தட்டினார். அவரைப் பார்த்து எல்லோரும் தட்டினார்கள். பொழுது சாய்வதற்குள் பூவாயி பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஊரைவிட்டுப் போனாள்.

அன்றைக்குப் பிடித்த வழக்கம்தான் இது. நாம் புளுகும்போதெல்லாம் பல்லி, “இல்லை, இல்லை” என்று அடித்துக்கொள்கிறது. நாமோ, பல்லியே சொல்லிவிட்டது என்று தரையைத் தட்டுகிறோம்.